அழுவதற்கு ஒரு முகம்

ஆபீசில் அவனுக்குப் புள்ளி என்று பெயர். திரையில் இருக்கும் ஒரு பொத்தானை ஒரே ஒரு புள்ளி அளவு இடது பக்கம் நகர்த்திவிட்டு, உலகத்தையே நிமிர்த்தி வைத்தவன் மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொள்வான். விளையாட்டுகளுக்கும் வலைத்தளங்களுக்கும் தோற்றம் வரைவது அவன் பிழைப்பு. பொத்தான், எழுத்து, நிறம், மூலையில் கிடக்கும் மூடும் குறி வரைக்கும் எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல ஒரே சாயலில் இருக்கவேண்டும் என்பான். சொன்னபடி செய்தும் காட்டுவான். கெட்டிக்காரன், அதை மறுப்பதற்கில்லை.

அந்த வருஷம் அவன் மேஜைக்கு வந்தது பெட்டி அடுக்கும் விளையாட்டு. ஒரு பெண் பெட்டிமேல் பெட்டியாக அடுக்கிக்கொண்டே போவாள். சரிந்து விழுந்தால் ஆட்டம் தோற்றது. திரை முழுக்க அவள் அழும் முகம் வரும். அந்த முகம் மட்டும் நன்றாக அமைந்துவிட்டால் வரைபவர்களுக்கெல்லாம் புள்ளிதான் தலைவன் என்று முதலாளி வாய்விட்டுச் சொல்லியிருந்தார். பதினொரு வருஷமாக அவன் கண் வைத்திருந்த நாற்காலி அது. இருபத்திரண்டு முகம் வரைந்தான். முதலாளி இருபத்திரண்டுக்கும் ஒரே பதிலைச் சொன்னார்.

"அழுற மாதிரி இருக்குப்பா. அழல."

வீட்டுக்கு வந்து மனைவியை ஜன்னலோரம் உட்காரவைத்தான். முகத்தை வெளிச்சத்துப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான். மருந்துக்கடையில் பகல் முழுக்க நின்றுவிட்டு வந்தவள், பாவம், கால்வலியோடு அவனுக்காக அழுது காட்டினாள். உதட்டைப் பிதுக்கினாள், மூக்கை உறிஞ்சினாள், நடுவில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வெங்காயம்கூட நறுக்கிப் பார்த்தார்கள். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர முகம் சும்மாதான் இருந்தது.

கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே அவன் பேசினான்.

"உங்கப்பா தூக்கத்துல போகல. முந்தின நாள் சாயங்காலமே ஆஸ்பத்திரிலேருந்து எனக்கு போன் வந்துச்சு. பொண்ணு வந்துட்டாளா, பொண்ணு வந்துட்டாளான்னு கேட்டுட்டே இருக்காரு, உடனே கூட்டிட்டு வாங்கன்னாங்க. அன்னிக்கு ராத்திரிக்குள்ள எனக்கு ஒரு வேலை முடிச்சுக் குடுக்க வேண்டியிருந்துச்சு. காலைல போய்க்கலாம்னு விட்டுட்டேன்."

இட்டுக்கட்டியது அல்ல. நான்கு வருஷமாக அவன் வயிற்றுக்குள் வைத்திருந்த நிஜம். அப்பா கஷ்டப்படாமல் தூக்கத்திலேயே போய்விட்டார் என்ற ஒரே ஆறுதலில்தான் அவள் அந்த நான்கு வருஷத்தையும் ஓட்டியிருந்தாள்.

"நிஜமாவா?" என்றாள். அவன் தலையாட்டினான். அதன்பிறகு அவள் முகத்துக்கு நடந்ததை அவன் நாற்பது தடவை எடுத்தான். கை நடுங்கியது என்று பின்னால் சொல்லிக்கொண்டான். ஒரு படமாவது ஆடியிருக்கவேண்டுமே? ஆடவில்லை.

இருபத்துமூன்றாவது முகத்தைப் பார்த்து முதலாளி எழுந்து நின்றுவிட்டார். அந்த ஒரு முகத்திலிருந்தே புள்ளி மொத்த விளையாட்டையும் இழைத்தான். கன்னத்தில் இறங்கிய துளிதான் பொத்தான்களின் வடிவம். வலைத்தளத்தின் முகப்பிலும் அதே துளி. அழுது சிவந்த அவள் மூக்கு நுனியிலிருந்து நிறத்தை எடுத்து, 'மறுபடியும் ஆடு' என்ற பொத்தானுக்குப் பூசினான். என்ன ஒற்றுமை, என்ன சாயல் என்று கூட்டம் போட்டுப் பாராட்டினார்கள். நாற்காலி கிடைத்தது. வீட்டில் மன்னிப்பும் கேட்டான், அவளுக்குப் பிடித்த கைக்கடிகாரம் ஒன்றோடு.

கடிகாரம் பெட்டியிலேயே கிடந்தது. மருந்துக்கடை வரிசையில் நிற்பவர்கள் போனில் அந்த ஆட்டத்தைத்தான் ஆடினார்கள். பெட்டி சரியும், அவள் முகம் அழும், அவர்கள் சிரித்துவிட்டு மறுபடி அழுத்துவார்கள். உங்களை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று ஒரு அம்மாள் கேட்டபோது, மாத்திரையை எந்த வேளைக்குப் போடவேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். கோபித்துக்கொண்டு போக அப்பா வீடு என்று ஒன்று இல்லை. கேஸ் தீர்ந்துவிட்டது, சாவி ஆணியில் இருக்கிறது, இவ்வளவுதான் அவள் அவனோடு பேசியது.

அடுத்த வருஷம் இரண்டாம் பாகம். இந்தத் தடவை ஆட்டம் ஜெயித்தால் திரையில் வர அந்தப் பெண்ணின் முகம் வேண்டும், சிரிக்கிற முகம். வேறு யார் முகத்தையாவது போடலாமே என்று புள்ளி மெல்ல இழுத்துப் பார்த்தான். ஒரே சாயல் வேண்டும் என்பது நீ சொன்ன சட்டம்தானே என்றார் முதலாளி.

புள்ளி வீட்டில் குட்டிக்கரணம் அடிக்காத குறைதான். பழைய நகைச்சுவைப் படமெல்லாம் போட்டான். நாற்பது வயதில் குரங்கு சேஷ்டை செய்தான். அவள் கல்லுளிமங்கியாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, முடிந்ததா என்று கேட்டு எழுந்து போனாள். வெளியீட்டு நாள் இரண்டு முறை தள்ளிப்போனது. கடைசியில் அழுத முகத்திலேயே வாயை மட்டும் மாற்றி வரைந்து கொடுத்தான்.

"சிரிக்கிற மாதிரி இருக்கு," என்றார் முதலாளி. "சிரிக்கல." நாளையிலிருந்து வரவேண்டாம் என்பதையும் அதே குரலில் சொன்னார்.

மேஜைச் சாமான்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தான். அவளுக்கு அன்று விடுமுறை. ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வேலை போயிடுச்சு," என்றான்.

"நிஜமாவா?"

தலையாட்டினான். அவள் சிரித்தாள். உதடு மட்டும் சிரித்த சிரிப்பு இல்லை. கண் சுருங்கி, மூக்கு நுனி சிவந்து, மடித்த துணி கலைய வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு வருஷமாக அவன் தேடிய சிரிப்பு, அச்சு அசலாக அதுதான். அந்த நிலையிலும், பாவி, அவன் கை தானாகச் சட்டைப்பையில் போனைத் தேடியது.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். சிரிப்பை நிறுத்தவில்லை. அவன் சொல்லிக்கொடுத்த அளவுக்கு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"எடுத்துக்கோங்க," என்றாள். "வெளிச்சம் நல்லா இருக்கு."