சிவப்பு வெளிச்சத்துக் காளான்

நீல வெளிச்சத்தில் வளர்ந்த காளானை நான் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், கல்யாணமான புதிதில், நாகமலை புதுக்கோட்டையில் வாடகைக்கு இருந்தோம். வெளிச்சத்தின் நிறம் சிப்பிக் காளானை என்ன செய்கிறது என்பது என் ஆராய்ச்சி. சிம்மக்கல்லில் வாங்கிய கலர் கண்ணாடித்தாளை பல்புகளுக்கு முன்னால் கட்டி, ஆய்வுக்கூடத்தின் இரண்டு அறைகளில் வைக்கோல் பைகளைத் தொங்கவிட்டிருந்தேன். நீல அறையில் குடை உள்ளங்கை அகலத்துக்கு விரியும், காம்பு குட்டை. சிவப்பு வெளிச்சமோ காளானுக்கு இருட்டு மாதிரிதான். காம்பு நீண்டுகொண்டே போகும். உச்சியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு குடை.

அளந்து எடைபோட்டு முடித்ததும் நீல அறைக் காளான் என் நெறியாளர் வீட்டுக்குப் போய்விடும். யாருக்கும் வேண்டாத சிவப்பு அறைக் காளான் என் மனைவிக்கு. வைக்கோலில் வளர்ந்தால் இப்படித்தான் இருக்கும் என்று அவளிடம் சொல்லிவைத்திருந்தேன். அவள் நம்பினாள். காம்பின் நாரை உரித்து, சின்ன வெங்காயமும் மிளகும் தட்டிப்போட்டுக் குழம்பு வைத்து, பக்கத்து வீடுகளுக்கும் கொடுப்பாள்.

அவளுடைய அப்பா செக்கானூரணிப் பக்கம் விவசாயி. காளான் வளர்க்கிறவனுக்குப் பெண் கொடுத்ததில் அவருக்கு மனக்குறை. முதல்முறையாக அவர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த அன்று, அவர் வாயால் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை கேட்டுவிட வேண்டுமென்று அவள் தவித்தாள். "நல்லதாப் பாத்துக் கொண்டாங்க" என்றாள். நெறியாளரிடம் கேட்கக் கூச்சப்பட்டு அன்றும் சிவப்பு அறைக் காளானையே கொண்டுபோனேன்.

மாமனார் இலையிலிருந்து ஒரு காம்பைத் தூக்கிப் பார்த்தார். "என்ன மாப்ள, அம்புட்டுப் படிச்சும் வெறுங்காம்பாவா வளக்குறீங்க? குடைய எலி தின்னுருச்சா?"

"வைக்கோல்ல வந்தா இப்படித்தான்ப்பா இருக்கும். உங்க வரப்புல மழைக்கு மொளைக்கிறதும் இவுக வளக்குறதும் ஒண்ணா?" என்று அவள் மல்லுக்கு நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

அவர் பஸ் ஏறிய பிறகு அவளிடம் உண்மையைச் சொன்னேன். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"வெளிச்சத்த மாத்தி ஒரே காளான ரெண்டு தினுசா வளக்கத் தெரியும்னு முன்னாடியே சொல்லிருந்தா, அத எங்கப்பாகிட்ட எம்புட்டுப் பெருமையாச் சொல்லிருப்பேன்! என்னையப் போயி பொய் சொல்ல வச்சுட்டீங்களே."

மறுவாரம் நெறியாளரிடம் கேட்டு, ஒரு பை நிறைய நீல அறைக் காளானோடு மாமனார் வீட்டுக்குக் கிளம்பினேன். அவளையும் கூப்பிட்டேன். "நீங்களே போயிச் சொல்லுங்க" என்றாள்.

மாமனார் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது காளான். அப்ப அன்னைக்கு எம்மக சொன்னது?"

"நான் அவகிட்டச் சொன்ன பொய்யத்தான் மாமா அவ உங்ககிட்டச் சொன்னா" என்று சொல்லி, நீலம் சிவப்பு எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். சிவப்பு பல்பு போட்டால் வெண்டைக்காயும் நீளுமா என்று விசாரித்தார். உள்ளே கூட்டிப்போய் இலை போடச் சொன்னார்.

"கெட்டிக்காரர்தான் மாப்ள நீங்க" என்றார் சாப்பிடும்போது. அவள் ஆசைப்பட்ட வார்த்தை அது. அதைக் கேட்க அவள் அங்கே இல்லை.