கிணற்றடி மணித்தியாலம்

குறிகட்டுவான் இறங்குதுறையை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். இடது கன்னம் இன்னும் எரிந்தது. பையில் உடுக்க ஒரு சாரம், தின்னக் கொஞ்சம் பாண், கணக்குக் கொப்பி. பின்னாளில் எத்தனையோ ஊர்களை விட்டு இப்படி நடந்திருக்கிறேன். ஒரு பின்னக் கணக்குக்காக நடந்தது அந்த ஒருமுறைதான். அப்போது எட்டாம் வகுப்பு.

இறுப்பிட்டியில் எங்கள் தோட்டக் கிணறு மூன்று வீட்டுக்குப் பொது. அப்பப்பா சாவதற்கு முன் அதில் பாதியைப் பெரியப்பாவுக்குக் கொடுத்திருந்தார். மகளான மாமிக்குச் சீதனமாக மூன்றில் ஒன்று. கடைசி மகனான அப்பாவுக்கு நாலில் ஒன்று. சண்டையால் தீவுக்கு மண்ணெண்ணெய் வராத காலம் அது. இறைப்பு மெஷின்கள் சாக்குப் போர்த்திக் கிடந்தன. எல்லாரும் பழையபடி துலாவில் ஏறி மிதித்து இறைத்தார்கள். இரவில் வெளியே விளக்குக் கொளுத்த முடியாததால் காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரைதான் இறைப்பு. முதலில் பெரியப்பா, தன் பாதிக்கு ஆறு மணித்தியாலம். பிறகு மாமி, நாலு மணித்தியாலம். கடைசியில் அப்பா வருவார். அவருடைய மூன்று மணித்தியாலம் முடியுமுன் பொழுது பட்டுவிடும். ஒரு மணித்தியாலத்தை அண்ணன் களவெடுக்கிறார் என்பது அப்பாவின் முடிவு. வெங்காயம் விற்றுத்தான் எங்கள் வீட்டில் அரிசி வாங்கவேண்டும். கடைசிப் பாத்திகள் தண்ணீர் எட்டாமல் மஞ்சளாகிக்கொண்டிருந்தன.

அன்று பள்ளிக்கூடத்தில் தந்த வீட்டுக் கணக்கில் இரண்டில் ஒன்றையும் மூன்றில் ஒன்றையும் நாலில் ஒன்றையும் கூட்டவேண்டும். பன்னிரண்டில் பதின்மூன்று வந்தது. முழுசை விடக் கூட வந்ததால் பிழை என்று அழித்தேன். திரும்பவும் அதுவே வந்தது. அழித்து அழித்துக் கொப்பியில் ஓட்டை விழுந்த பிறகுதான் அவை எங்கள் கிணற்றுப் பங்குகள் என்பது உறைத்தது.

கிணற்றடிக்கு ஓடினேன். அங்கே அப்பா பெரியப்பாவைப் பார்த்துக் கத்திக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு விடியத் துலாவை வெட்டி விழுத்துறன். ஒருத்தரும் இறைக்கத் தேவையில்லை!"

"ஒருத்தரும் களவெடுக்கேல்லை அப்பா. அப்பப்பா பிரிச்சதுதான் பிழை. இல்லாத தண்ணியையும் சேத்துக் குடுத்திட்டார்."

மெச்சுவார்கள் என்று நினைத்தேன்.

"செத்த மனிசனைப் பொய்யன் எண்டுறியோ?" என்றார் அப்பா. அறை விழுந்தது.

இறங்குதுறைக்குப் பாதி வழியில் பின்னால் சைக்கிள் மணி கேட்டது. பெரியப்பா.

"எங்கை ஐயா பயணம்?"

"நயினாதீவுக்கு."

"அங்கை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தருமில்லை."

"நல்லது. போறவர் அந்தக் கணக்கைத் தந்திட்டுப் போம்."

றோட்டோர மண்ணில் தடியால் எழுதிக் காட்டினேன். ஆறும் நாலும் மூன்றும் பதின்மூன்று. பகலில் இருப்பதோ பன்னிரண்டு. பெரியப்பா குந்தியிருந்து நெடுநேரம் பார்த்தார்.

"என்ரை ஆறிலை கைவைக்காதை. மாமியின்ரை நாலிலையும் கொப்பற்ரை மூண்டிலையும் கைவைக்காதை. எங்கடை அய்யா சொன்னது சொன்னதுதான்."

"அப்ப ஏலாது பெரியப்பா."

"ஏலாட்டி நீங்கள் படிக்கிற அந்த x என்னத்துக்கு? பள்ளிக்கூடத்திலை வைச்சு வளக்கிறியளோ?"

பகிடிக்குத்தான் கேட்டார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. ஒரு மணித்தியாலம் என்று எழுதிய இடத்தில் x போட்டேன். ஆறு x, நாலு x, மூன்று x; கூட்டினால் பதின்மூன்று x. அது பகலின் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குச் சமன். பிரித்துப் பார்த்தால் x ஐம்பத்தைந்து நிமிடமும் கொஞ்சமும்.

"பங்கு சரி பெரியப்பா. மணித்தியாலத்தைத்தான் சின்னனாக்க வேணும்."

அவர் சிரித்த சிரிப்பில் சைக்கிள் சரிந்து விழுந்தது. என்னைத் தூக்கிப் பாரில் இருத்தினார்.

வீட்டில் அப்பா கோடாலி தீட்டிக்கொண்டிருந்தார். பெரியப்பா வாசலில் நின்றே விசயத்தைச் சொன்னார். அப்பா நிமிரவில்லை.

"என்ரை மூண்டு மூண்டுதானே?"

"ஓம், மூண்டுதான். என்ரையும் ஆறுதான்."

அப்பா விரலால் கோடாலியின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு அதை விறகுக்குப் பின்னால் போட்டார்.

மறுநாள் விடியவே எனக்கு வேலை கிடைத்தது. பெரியப்பா தன் மணிக்கூட்டை என் கையில் கட்டினார். அது முழங்கை வரை வழுகியது. கிணற்றடிப் பூவரசில் தேய்ந்த கலப்பைக் கொழு ஒன்று தொங்கியது. ஐம்பத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நான் அதை அடிக்கவேண்டும். அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்குப் பிறகு பள்ளிக்கூடமும் அதிக காலம் நடக்கவில்லை.

ஒவ்வொரு அடிக்கும் பெரியப்பா துலாவில் நின்றபடி எங்கள் தோட்டப் பக்கம் பார்த்துக் கூவினார். "அய்யா தந்த ஒண்டு! அய்யா தந்த ரண்டு!" ஆறாவது அடியோடு இறங்கிவிட்டார். நேரம் பதினொன்றரைதான். பின்னேரம் அப்பாவும், கூவாமல், வாய்க்குள் எண்ணினார். கடைசிப் பாத்தியிலும் தண்ணீர் பாய்ந்த பிறகு வெளிச்சம் மிச்சமிருந்தது. மிஞ்சப்போகும் ஐந்து நிமிடத்துக்காக மாமியும் அம்மாவும் குடத்தோடு வந்து நின்றார்கள்.

தன் பங்கில் அரை மணித்தியாலத்தை இழந்த மனிதர் ஏன் அவ்வளவு சந்தோசமாகக் கூவினார் என்று எனக்கு விளங்கவில்லை. x-இல் ஏதும் பிழை விட்டேனோ என்று பயந்தபடியே பதின்மூன்றாவது மணியை ஓங்கி அடித்தேன்.