பார்த்து எழுதலாம்

சொந்த நாட்டில் பதினோரு வருடம் கோர்ட்டில் வாதாடியவள், இங்கே வந்து மருந்துக் கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டினாள். கூட வேலை பார்த்தவர்கள் ‘வக்கீலம்மா’ என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். சூப்பர்வைசர் கூப்பிட்டால் மட்டும் கிண்டல்.

வெளிநாட்டில் சட்டம் படித்தவர்கள் இங்கே வக்கீலாக வேண்டுமானால் தகுதித் தேர்வு எழுத வேண்டும். மூன்றே வாய்ப்பு. மூன்றிலும் தவறினால் ஆயுசுக்கும் லேபிள்தான். இரண்டை ஏற்கனவே கோட்டை விட்டிருந்தாள். கேட்டவர்களிடம் நேரம் போதவில்லை என்றாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவளுக்கு ஆடவும் தெரியும், அதுதான் கொடுமை. சட்டத்தைக் கரைத்துக் குடித்திருந்தாள்.

துப்புத் துலக்கியவன் பஸ் ஓட்டும் கணவன். தேர்வுக்கு எடுத்துப்போக அனுமதித்த ஐந்து தடிப் புத்தகங்களையும் ஒருநாள் புரட்டினான்.

“ஏம்மா, ரெண்டு பரீட்சை பாத்த புஸ்தகமா இது? கடையில வாங்கின மாதிரியே இருக்கு. ஒரு தடவையாவது தொறந்தியா?”

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“கை வரலீங்க. பரீட்சை ஹால்ல புஸ்தகத்தைத் தொட்டா காப்பி அடிக்கிற மாதிரி இருக்கு. யாரோ பின்னாடி வந்து தோளைப் பிடிக்கப் போறாங்கன்னே தோணுது.”

“அவங்களேதானே பாத்து எழுதச் சொல்றாங்க?”

“தெரியும். அந்த விதியும் எனக்கு மனப்பாடம்.”

அவன் சிரித்த சிரிப்பில் புரையேறியது. சிரித்து முடித்துப் பார்த்தால், அவள் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள். பாவம், வெங்காயத்தின்மேல் பழிபோட அவனுக்கு மனம் வரவில்லை.

மறுநாளிலிருந்து அவன் வேலை முடிந்து வந்து, யூனிபாரத்தைக்கூடக் கழற்றாமல், அவள் எழுதும் மேஜையைக் கண்காணிப்பாளர் மாதிரி சுற்றி வந்தான். “ம், தொற. நான் பாத்துட்டுதான் இருக்கேன், தொற.” இரண்டு மாதம் இப்படியே நடந்தான்.

மூன்றாவது தேர்வில், இரண்டாம் கேள்விக்கே கை புத்தகத்துக்குப் போய்விட்டது. அப்போதுதான் பக்கத்து மேஜையைப் பார்த்தாள். தலை நரைத்த மனிதர், வேறு ஏதோ நாட்டுக்காரர். மூடிய புத்தகங்களுக்கு முன்னால் உதடு முணுமுணுக்க உட்கார்ந்திருந்தார். கை புத்தகம் வரை போகும், திரும்பி மடிக்கே வந்துவிடும். அவர் ஊர் வாத்தியார்களும் இப்படித்தான் வளர்த்திருப்பார்கள் போல.

பேசினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். உனக்கேன் ஊர்வம்பு என்று எழுதப் பார்த்தாள். முடியவில்லை. இருப்பதிலேயே தடியான புத்தகத்தைத் தொப்பென்று மேஜையில் போட்டு, பக்கங்களைப் படபடவென்று புரட்டினாள். ஹாலே திரும்பியது. கண்காணிப்பாளர் நேராக அவளிடம் வந்தார். அவளுக்கு உயிரே போய்விட்டது.

“சத்தமில்லாமப் புரட்டுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்து மேஜைக்காரர் அவளையே பார்த்தார். பிறகு மேலே இருந்த புத்தகத்தை, திருடுகிறவர் போல, மெல்லத் தன் பக்கம் இழுத்தார்.

ஆறு வாரம் கழித்து தேறியவர்கள் பட்டியல் வந்தது. அவள் பெயரைக் கண்டதும் கணவன் துள்ளிக் குதித்தான். அவளோ ஒவ்வொரு பெயராகக் கடைசிவரை படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

“உன் பேருதான் இருக்கே, இன்னும் என்னத்தத் தேடுற?”

“அவர் பேரக் கேக்காம வந்துட்டேங்க” என்றாள்.