ஓடைக் கரண்டைப் பங்கிடும் போன்

இலங்கையின் யட்டியாந்தோட்டைக்கு மேலே, ரப்பர் தோட்டத்துக் கடையொன்றில் பஸ் தேநீருக்காக நிற்கிறது. பிளேன்டீ என் கைக்கு வரும்போது பல்பு மங்குகிறது. கடைக்காரர் விமலா உடனே போனை எடுக்கிறார்.

திரையில் வீட்டுக்கு ஒன்றாகக் கோடுகள் தெரிகின்றன. இங்கே தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வாழும் தமிழர்களும் பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர்களும் சங்கமாகச் சேர்ந்து, ஓடைத் தண்ணீரிலிருந்து கரண்ட் எடுக்கிறார்கள். யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று காட்டும் செயலியை விமலாதான் பார்த்துக்கொள்கிறார். மழையில்லாமல் ஓடை மெலிந்திருக்கிறது. ஒரு கோடு மட்டும் சிவந்து உயர்ந்து நிற்கிறது.

“இங்கிருந்தே அந்த வீட்டுக் கரண்டை நிறுத்த முடியுமா?” என்று கேட்கிறேன்.

“முடியுங்க. இந்த பட்டனைத் தொட்டாப் போதும். ஆனா கேக்காம தொட மாட்டேன்.”

அந்த வீட்டுக்குப் போன் போட்டுச் சிங்களத்தில் பேசுகிறார். முகம் மாறுகிறது.

“ஆஸ்பத்திரியிலருந்து அவங்க அப்பாவைக் கூட்டிட்டு வந்திருக்காங்க. ஒக்சிஜன் மெஷின் ஓடுதாம்.”

தன் கடை பிரிஜ்ஜை நிறுத்திவிட்டு, கரண்டைக் குறைக்கச் சொல்லி எல்லா வீட்டுக்கும் தமிழிலும் சிங்களத்திலும் குரல் செய்தி அனுப்புகிறார். நான் தேநீரை மறந்து திரையையே பார்க்கிறேன். கோடுகள் ஒவ்வொன்றாகத் தாழ்கின்றன. ஓரத்தில் ஒன்று மட்டும் அசையவில்லை.

“அது எங்க கொழுந்தன் வீடு. எங்களோட பேச்சுவார்த்தை இல்லீங்க.”

டிரைவர் ஹோர்ன் அடிக்கிறார். எனக்கு எழுந்திருக்க மனமில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் கோடும் சரிகிறது.

“நான் அனுப்புனதைக் கேட்டிருக்காரு” என்கிறார் விமலா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.