சூடில்லாத பானட்

குற்றாலத்தில் சாரல் விடுவதாக இல்லை. விடுதியின் தகரக் கொட்டகையில் என் மின்சாரக் கார் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. ஜன்னல் வழியாக வந்த ஒயர் ஈரத் தரையில் கிடக்கிறது. அதை விட்டு உள்ளே போக எனக்கு மனம் வரவில்லை.

விடுதி நடத்தும் அக்கா, அருவியில் குளித்தவர்களின் துண்டுகளை அள்ளி வருகிறார். வெயில் தலைகாட்டாத இந்த நாட்களில், வந்து நிற்கும் கார்களின் பானட் சூட்டில்தான் அவற்றைக் காயப்போடுகிறார். சொட்டச் சொட்ட ஒன்றை என் கார்மேல் விரிக்கிறார். ஒயர் செருகியிருப்பதும் முன்பக்கம்தான்.

"அக்கா, தொடாதீங்க!" கத்திவிடுகிறேன்.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்கிறார். "சூடே இல்லையே சார். வெடிச்சிருமோ?"

"வெடிக்காது" என்கிறேன். என் குரலை எனக்கே நம்ப முடியவில்லை. பேச்சை மாற்றுகிறேன். "பேட்டரிகூடப் பரவாயில்லக்கா. அணு உலையை நினைச்சாத்தான் பயம். அதைப் போய் சுத்தமான மின்சாரம்ங்கிறாங்க."

"எம்மவன் அந்த அணு உலையிலதான் வேலை பாக்கான். புகை இல்ல, கரி இல்ல, சும்மா பயப்படாதம்மான்னு சொல்லுதான். உங்க வண்டில ஏறுத கரண்டும் அங்கன உள்ளதோ என்னவோ." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு செல்போனை எடுத்துப் பார்க்கிறார். "ஷிப்டு முடிஞ்சதும் போன் போடுவான். முடிஞ்சு நேரமாச்சு, இன்னும் போடல."

சார்ஜ் நிரம்பிவிடுகிறது. ஒயரைக் கழற்றிச் சுருட்டுகிறேன். வண்டியை எடுக்கத்தான் மனம் வரவில்லை. அவர் மகனின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவன் போனுக்காக நானும் நிற்கிறேன்.