எங்கள் லேத் பெற்ற பிள்ளை

தன்னைப் போலவே இன்னொன்றைச் செய்துகொள்ளும் ரோபோ வந்துவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். எத்தனை பாகங்களைத் தானே செய்கிறது, எத்தனையை மனிதர் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று சொல்லவில்லை. எனக்கு அன்று முழுவதும் அது தலைக்குள் குடைந்தது.

பள்ளிமுனையில் எங்கள் பட்டறையில் ஒரு லேத் இருந்தது. இரும்பைச் சுழற்றிக் கடைந்து, வள்ளத்து இயந்திரங்களுக்கு அச்சும் நட்டும் செய்வோம். அதைத் தங்கைக்குச் சீதனமாகத் தருவதாகக் கீரி என்ற பக்கத்து ஊர் மாப்பிள்ளைக்கு வாக்குக் கொடுத்த எங்கள் ஐயா, சில மாதங்களில் கண்ணை மூடிவிட்டார். கொடுத்தால் அண்ணனுக்கும் எனக்கும் பிழைப்பில்லை. புதிது வாங்க, இறக்குமதி நின்றுபோன காலம்.

"இதை வைச்சே இன்னொண்டு கடைவம்," என்றார் அண்ணன்.

மொத்தம் எழுபத்திரண்டு பாகம். நாற்பத்தாறை லேத்தே கடைந்தது. மற்றவை உடைத்த கப்பல் இரும்பு, பழைய மோட்டர், கடைச் சாமான். புதியது ஓடிய பிறகுதான் கோவிலில் கலியாண அறிவிப்பு ஓலை வாசிக்க விட்டார் அண்ணன். மாப்பிள்ளையும், "ஓடினாச் சரி," என்று அதை ஏற்றிக்கொண்டு போனார்.

அடுத்த மாதமே மாட்டுவண்டி திரும்பி வந்தது. ஓட்டி வந்தவர் மாப்பிள்ளை. வண்டியில் லேத். பக்கத்தில் பெட்டியோடு தங்கை.

"மச்சான், ஏமாத்திப் போட்டியள்! இதில மரை வெட்டின அச்சில கடையில வாங்கின நட்டு நாலு சுத்துக்கு மேல ஏறுதில்லை. தாய் லேத்தைத் தாங்கோ. இல்லாட்டி ரெண்டும் இஞ்சயே நிக்கட்டும்."

அண்ணன் பழைய லேத்தில் ஓர் அச்சுக்கு மரை வெட்டிக் கடை நட்டைப் போட்டார். அதுவும் நாலாவது சுற்றில் இறுகியது. மரைச் சுற்றுகளின் இடைவெளியைக் கொடுக்கும் நீளத் திருகு தேய்ந்திருந்தது. எங்கள் நட்டுகளும் அதிலேயே வெட்டியவை என்பதால் அதுவரை எங்களுக்குத் தெரியவில்லை. பிள்ளையின் திருகும் அதில் வெட்டியதுதான், அதே பிழை வந்திருந்தது. மாப்பிள்ளை கொண்டுவந்த அச்சில் அண்ணன் எங்கள் நட்டைப் போட்டார், கடைசிவரை ஏறியது.

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "அப்ப மாத்தியும் பிரயோசனமில்லை."

"நட்டு வேணுமெண்டா இஞ்ச வாங்கோ," என்றார் அண்ணன்.

தங்கை வண்டியை விட்டு இறங்கவில்லை. "நட்டுகளை ஏத்துங்கோ. வெயில் ஏற முதல் போவம்," என்றாள் புருஷனிடம்.

அதன் பிறகு நட்டு வாங்கும் சாட்டில் மாதம் இரண்டு தடவையாவது தங்கை வருவாள். வருமுன்பே அவள் சிரிப்புக் கேட்கும். இறக்குமதி திறந்து புதுத் திருகு கிடைத்தபோதும், அண்ணன் பழையதை மாற்ற விடவில்லை.