எந்த ஞாயிறு?

முதலில் தாகம்தான். தேக்கா சந்தையில் கீரை வாங்கி முடிப்பதற்குள் இரண்டு பாட்டில் தண்ணீர் காலியாகிவிடும். வெயில் என்று நினைத்தேன். பிறகு குமட்டல், மலச்சிக்கல். ஒருநாள் ரயிலில் செம்பவாங்கில் இறங்க மறந்து உட்லண்ட்ஸ் வரை போய்விட்டேன். வருடக்கணக்காக இறங்கும் நிலையம் அது. அன்றுதான் பயந்தேன்.

அவசர சிகிச்சைப் பிரிவில் ரத்தம் எடுத்தார்கள். கால்சியம் (சுண்ணாம்புச் சத்து) எக்கச்சக்கமாக ஏறியிருந்தது, சிறுநீரகங்கள் திணறிக்கொண்டிருந்தன. மருத்துவர் இளம் தமிழ்ப் பெண். என் கணவர் கொண்டுவந்த மாத்திரைப் பையைக் கிளறி ஒரு டப்பாவை எடுத்தார்.

"ஆன்ட்டி, இந்த வைட்டமின் டி அறுபதாயிரம் யூனிட். டெய்லியா போடுறீங்க? வாரத்துக்கு ஒண்ணுதான் லா!"

சென்னைக்குப் போயிருந்தபோது மூட்டு வலிக்காக அங்கே ஒரு மருத்துவர் எழுதிக்கொடுத்தது. எட்டு வாரம் போதும் என்றார். நான்தான் ஒரு வருடத்துக்கு வாங்கி வந்தேன். மறந்துவிடாமல் இருக்க டப்பாவின் மேல் 'ஞாயிறு' என்று எழுதியும் வைத்தேன்.

என் மாத்திரைகளைத் தினமும் எடுத்து வைப்பவர் கணவர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவர் முகம் வெளிறிவிட்டது.

"வெயில்ல கிடைக்கிற வைட்டமின்னு நீதானே சொன்னே? ஞாயிறுன்னா சூரியன். அழகா பேர் வெச்சிருக்கியேன்னு நெனச்சேன்."

ஒரு வருடத்துக்கானதை ஏழு வாரத்தில் விழுங்கியிருந்தேன். கோபம் வந்தது. பாதி அவர் மேல். மீதி, கையில் கொடுத்த ஐந்து மாத்திரையைப் பார்க்காமலே வாயில் போட்டுக்கொண்ட என் மேல்.

டப்பாவில் இரண்டு விதமாக அளவு போட்டிருப்பார்கள்: சர்வதேச அலகு (மருத்துவர் சொன்ன யூனிட்), மைக்ரோகிராம். நாற்பது அலகு ஒரு மைக்ரோகிராம். ஆகவே ஆயிரம் அலகும் இருபத்தைந்து மைக்ரோகிராமும் ஒன்றுதான். எண் சிறியது என்று கூட்டிப் போடாதீர்கள். பெரியவர்களுக்குப் பொதுவாக ஒரு நாளைக்கு அறுநூறு, எண்ணூறு அலகு போதும். நாலாயிரத்தைத் தாண்டுவதென்றால் மருத்துவர் சொல்லியிருக்க வேண்டும். நான் தினமும் ஆயிரத்து ஐந்நூறு மைக்ரோகிராம் போட்டுக்கொண்டிருந்தேன்.

நரம்பு வழியாக உப்பு நீர் ஏற்றினார்கள். "கிட்னி சரியாகிடுமா?" என்று கேட்டேன். "ஆகும். ஆனா அவசரப்படாதீங்க" என்றார் மருத்துவர். வைட்டமின் டி கொழுப்பில் தங்கிவிடும், வெளியேற மாதக்கணக்காகும். முன்பு நாள்களை வாரங்களாக எண்ணியவள், ரத்தப் பரிசோதனைகளாக எண்ணத் தொடங்கினேன். ஐந்தாவது பரிசோதனையில் கால்சியமும் சிறுநீரகமும் சரியாக இருந்தன. வாகனத்தில் திரும்பும்போது கணவர் அழுதார். நான் அழவில்லை, பசித்தது.

இப்போது என் மாத்திரையை நானே எடுக்கிறேன், அட்டையைப் படித்துவிட்டு. தாகம் எடுத்தால் உடம்பு ஏதோ சொல்கிறது என்று நின்று கேட்கிறேன்.

இன்று காலை கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு கூப்பிட்டார்.

"ஞாயிறு வந்துடுச்சு. கீழ போய் நடக்கலாமா?"

"எந்த ஞாயிறு?"

அவர் ஜன்னலைப் பார்த்தார், நாள்காட்டியையும் பார்த்தார். "ரெண்டும்தான்" என்றார்.